பெட்ரோலுக்கு ஒரு நியாயம், பாலுக்கு ஒரு நியாயமா?

எழுதியது: 10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



போன இதழில் கெலவரப்பள்ளி அணையில் பொங்குற நுரையைப் பற்றி எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவர் எழுதியிருந்தார். நல்லா இருந்தது. இந்தத் தடவை பொங்குற இன்னொரு பொருளை நான் எடுத்துக்கிறேன். பால்! தலைப்பைப் பார்த்துட்டு "இது சயின்ஸா, சண்டையா?"ன்னு கேட்காதீங்க. ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. முழுசாப் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

முதலில் பாடம். பயப்படாதீங்க, சின்னதுதான். ஒப்படர்த்தி என்றால், ஒரு பொருள் அதே இடத்தை அடைக்கிற தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது. அவ்வளவுதான். கிராமை கிராமால் வகுக்கிறதால் அலகு கிடையாது. நம்ம வகுப்பிலேயே தண்ணிக்கு நாலு பேர்: தண்ணி, நீள்ளு, நீரு, பானி. எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அதோட ஒப்படர்த்தி 1. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போனா போர்டில் எழுத்து மாறும், சில சாமான்களோட விலை மாறும். இது மாறாது.

இதை அளக்க லேப் வேணும்னு நினைக்காதீங்க. மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசு போதும். ஒரு கண்ணாடி பாட்டிலை காலியா எடை போடுங்க. 180 கிராம்னு வச்சுக்குவோம். வாய் வரைக்கும் தண்ணி ஊத்திப் போடுங்க. 480 வந்தால் தண்ணி 300 கிராம். பாட்டிலை நல்லாக் காய வச்சு, அதே அளவு தேங்காய் எண்ணெய் ஊத்திப் போடுங்க. 455 வந்தால் எண்ணெய் 275 கிராம். 275ஐ 300ஆல் வகுத்தால் 0.917. புத்தகத்தில் 0.92ன்னு இருக்கும். மளிகைக்கடை அண்ணாச்சியோட தராசில் புத்தகத்துக்கு இவ்வளவு கிட்டே வந்துட்டோம் பாருங்க!

பெரியவங்களுக்கு இந்தக் கணக்கு பேர் தெரியாமலே தெரியும். விதைநெல் எடுக்கும்போது 10 லிட்டர் தண்ணியில் ஒன்றரை கிலோ போல உப்பைக் கரைச்சு, அதில் ஒரு முட்டையைப் போட்டுப் பார்ப்பாங்க. முட்டை மிதந்து, மேலே நாலணா அளவுக்கு ஓடு தெரியணும். (நாலணா காசு 2011லேயே செல்லாமல் போயிருச்சு. ஆனா முட்டைக் கணக்கில் மட்டும் இன்னும் செல்லுது.) அந்தத் தண்ணியில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், தரமான விதை அடியில் தங்கும். அப்புறம் உப்பு போக ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில் அலசணும். நம்ம கிருஷ்ணகிரி மாங்காயும் அப்படித்தான். நல்லா விளைஞ்ச காய் தண்ணியில் மூழ்கும், விளையாதது மிதக்கும். ஒப்படர்த்தி 1ஐத் தாண்டிருச்சா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி.

முட்டை விஷயத்தில் ஒன்றைக் கவனிங்க. முட்டை புதுசா இருக்கணும். பழைய முட்டைக்குள்ளே காற்று சேர்ந்திருக்கும். ரொம்பப் பழசா இருந்தால் வெறும் தண்ணியிலேயே மிதக்கும். அதை நம்பி உப்பு போட்டால் உப்பு பத்தாது, பதரும் மூழ்கி விதையாயிரும். அளக்கிற பொருள் சரியில்லைன்னா அளவும் சரியில்லை. இந்த முட்டையை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்போ பெட்ரோல் பங்க்குக்குப் போவோம். (வண்டி ஓட்ட நமக்கு வயசு ஆகலை. அப்பாவோட பின்சீட்டில் உட்கார்ந்து போவோம்.) பெங்களூர் ரோட்டில் எந்த பங்க்கிலும் பம்ப்பைக் கவனிச்சுப் பாருங்க. விலைக்குப் பக்கத்தில் 'டென்சிட்டி'ன்னு ஒரு எண் இருக்கும். பெட்ரோலுக்கு 740, 750 என்று ஏதோ ஒன்று. அது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. ஆயிரத்தால் வகுத்தால் ஏறக்குறைய ஒப்படர்த்தி வந்திரும், 0.74, 0.75.

பெட்ரோல் சூடானால் விரியும். ஒரு டிகிரி கூடினால் அடர்த்தி சுமார் 0.85 கிலோ குறையும். காலையில் 20 டிகிரியில் ஒரு எண் வரும், மத்தியானம் 32 டிகிரியில் அதே பெட்ரோல் 10 எண் குறைவாகக் காட்டும். அப்போ யாராவது "கலப்படம்!"னு கத்தலாமா? கூடாது. அதுக்காகத்தான் ஒரு முறை வச்சிருக்காங்க. கண்ணாடி ஜாடியில் பெட்ரோலை எடுத்து, ஹைட்ரோமீட்டரை விடுவாங்க. கூடவே தெர்மாமீட்டரையும் விடுவாங்க. ரெண்டு எண்ணையும் ஒரு அட்டவணையில் பார்த்து '15 டிகிரியில் இருந்தால் எவ்வளவு?' என்று மாத்துவாங்க. டேங்கர் வரும்போது வந்த எண்ணுக்கும் இதுக்கும் 3க்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் சந்தேகம். வாடிக்கையாளர் யார் கேட்டாலும் அளந்து காட்டணும் என்பது விதி. நூறு ரூபாய்க்குப் போடுறவரும் கேட்கலாம்.

இப்போ பாலுக்கு வாங்க. இங்கேதான் எனக்குக் கோபம்.

நம்ம பக்கம் மாடு இல்லாத தெரு குறைவு. மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824லேயே ஆரம்பிச்சது. சிப்காட் வந்தது அதுக்கு எவ்வளவோ பின்னாடி. அப்பா கம்பெனிக்கு ஷிஃப்ட்டு போவார், அம்மா ரெண்டு மாடு பார்த்துக்குவாங்க, பள்ளிக்கூட ஃபீஸும் நோட்டும் பால் காசில் வரும். நம்ம வகுப்பில் கைதூக்கச் சொன்னால் பாதிக்கு மேல் இப்படித்தான் இருப்பாங்க.

அந்தப் பாலை எப்படி அளக்கிறாங்க? நிறைய இடத்தில் இப்போ மிஷின் வந்திருச்சு, பாலை உறிஞ்சி சீட்டு துப்புது. ஆனா இன்னும் சில இடங்களில், தனியார் வண்டிக்காரங்க எடுக்கிற இடங்களில், லேக்டோமீட்டர்தான். கண்ணாடிக் குழாய், அடியில் ஈயக் குண்டு, மேலே மெல்லிசா ஒரு தண்டு, தண்டுக்குள்ளே எண் எழுதின காகிதம். பாலில் விட்டால் மிதக்கும். பால் கனமாக இருந்தால் தண்டு மேலே நிற்கும், தண்ணி கலந்திருந்தால் கீழே இறங்கும். 28ன்னு காட்டினால் ஒப்படர்த்தி 1.028 என்று அர்த்தம். இதைத்தான் 'டிகிரி'ன்னு சொல்லுவாங்க. ஹைவே முழுக்க 'கும்பகோணம் டிகிரி காபி'ன்னு போர்டு இருக்கே, அந்த டிகிரி இந்த டிகிரிதான் என்று ஒரு கதை உண்டு. காபிக்கடைக்காரரைக் கேட்டால் வேற கதை சொல்லுவார்.

எங்க தெருவில் ஒரு அக்கா மாடு வச்சிருக்காங்க. பால் எடுக்கிற இடத்துக்கும் அவங்க வீட்டுக்கும் நாலு வீடுதான் தூரம். கறந்து, வடிகட்டி, கையோடு கொண்டு வந்து ஊத்துவாங்க. அவங்க பாலில்தான் அடிக்கடி டிகிரி குறையும்! மார்கழியில் ஒரு நாள் வரிசையில் எல்லார் முன்னாடியும் "என்னம்மா, பைப் தண்ணியா, போர் தண்ணியா?"ன்னு கேட்டுட்டாங்க. வரிசையில் நின்னவங்க சிரிச்சாங்க. அந்த அக்கா ஒண்ணும் பேசலை, கேனை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க. காசு குறைஞ்சது ஒரு பக்கம். தெருவில் 'தண்ணிப் பால்காரி'ன்னு பேர் ஆனது இன்னொரு பக்கம். அந்தப் பேருக்கு எந்த மீட்டரில் திருத்தம் போடுவீங்க?

அந்த அக்கா தண்ணி ஊத்தலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? நானும் என் தோழியும் அளந்தோம். அறிவியல் சார் பள்ளி லேக்டோமீட்டரையும் தெர்மாமீட்டரையும் ரெண்டு நாளைக்குக் கொடுத்தார். (உடைச்சால் என்ன ஆகும் என்றும் சொல்லிக் கொடுத்தார்.) அக்கா கறக்கும்போது பக்கத்திலேயே நின்னோம். கறந்த கொஞ்ச நேரத்தில் பாலின் வெப்பநிலை 34 டிகிரி, லேக்டோமீட்டர் 26 அரை. அதே பாலை, ஒரு சொட்டு எதுவும் சேர்க்காமல், குண்டானோடு பச்சைத்தண்ணியில் வச்சோம். அரை மணி நேரம் கழிச்சு 27 டிகிரிக்கு வந்ததும் மெதுவாக் கலக்கி, மறுபடி விட்டோம். 28 அரை!

மாடு அதேதான், பாலும் அதேதான். ரெண்டு டிகிரி எங்கிருந்து வந்தது?

லேக்டோமீட்டர் தண்டை உத்துப் பாருங்க. எந்த வெப்பநிலையில் பார்க்கணும்னு அதிலேயே எழுதியிருக்கும். எங்க பள்ளியுடையதில் 27 டிகிரி செல்சியஸ். வேறு சிலதில் 84 டிகிரி ஃபாரன்ஹீட், பழசில் 60 ஃபாரன்ஹீட் கூட இருக்கும். பால் அதைவிடச் சூடாக இருந்தால் விரிஞ்சிருக்கும், மீட்டர் கீழே இறங்கும், எண் குறையும். ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.2 கூட்டணும். குளிராக இருந்தால் அதே மாதிரி கழிக்கணும். அக்காவின் பால் 7 டிகிரி அதிகம். 7 பெருக்கல் 0.2, ஒன்று புள்ளி நாலு. 26.5ஓடு கூட்டினால் 27.9. மீதி அரை டிகிரி? அது கறந்த பாலின் குணம். கறக்கும்போது நுரையோடு காற்று பாலுக்குள்ளே போயிரும், கொழுப்பும் இளகிய நிலையில் இருக்கும். நேரம் ஆக ஆகக் காற்று வெளியேறி, கொழுப்பு இறுகி, பால் கொஞ்சம் கனமாகும். அதனால்தான் கறந்த கையோடு லேக்டோமீட்டர் விடக் கூடாதுன்னு சொல்றாங்க.

இப்போ புரியுதா, ஏன் அந்த அக்காவுக்கு மட்டும் குறையுதுன்னு? அவங்க வீடு பக்கத்தில் இருக்கு! மூணு கிலோமீட்டர் தள்ளி இருந்து மார்கழிக் குளிரில் டிவிஎஸ் எக்ஸெல்லில் கேன் கட்டிக்கிட்டு வர்றவங்களோட பால் வழியிலேயே ஆறிரும், நுரையும் அடங்கிரும். நாலு வீடு தள்ளி இருந்து சுடச்சுடக் கொண்டு வர்றவங்க பால் 'தண்ணி'யாயிரும். பக்கத்தில் வீடு இருக்கிறதுக்கு அபராதம்!

இந்த ரெண்டு டிகிரி சின்ன விஷயம்னு நினைச்சால் கணக்குப் போட்டுப் பாருங்க. பாலுக்குக் காசு கொடுக்கிறது கொழுப்பையும், கொழுப்பு இல்லாத மற்ற திடப்பொருளையும் பார்த்து. அந்த ரெண்டாவதை எஸ்.என்.எஃப்.ன்னு சீட்டில் போடுவாங்க. அதைக் கண்டுபிடிக்கிற ஒரு கணக்கு: லேக்டோமீட்டர் எண்ணை நாலால் வகு, கொழுப்பில் கால் பங்கைச் சேர், 0.44ஐக் கூட்டு. (இந்தக் கடைசி எண் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்.) கொழுப்பு 4 என்று வச்சுக்குவோம். லேக்டோமீட்டர் 28.5 என்றால் எஸ்.என்.எஃப். 8.56. அதே பால் 26.5 என்று எழுதப்பட்டால் 8.06. பசும்பாலுக்கு எஸ்.என்.எஃப். 8.3க்குக் குறையக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு. ஆக, ஆறின பால் பாஸ், சூடான பால் ஃபெயில். மாட்டுக்கும் மனுஷிக்கும் சம்பந்தமே இல்லாமல், தெர்மாமீட்டர் இல்லாததால் வந்த ஃபெயில்.

இதோட மறுபக்கம் இன்னும் மோசம். திருடனுக்கு இதே முறை உதவி செய்யுது. 28.5 காட்டுற பால் 9 பங்கு, தண்ணி 1 பங்கு. 27 டிகிரியில் அது 25.6 போலக் காட்டும், மாட்டிக்குவார். ஆனா அந்தக் கலவையை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வச்சு, 17 டிகிரியில் கொண்டு வந்தால்? பத்து டிகிரிக்கு ரெண்டு எண் கூடும். 27.6! அக்காவின் சுத்தமான சூடான பால் 26.5, இவரோட தண்ணிப்பால் 27.6. யாரை வரிசையில் வச்சுச் சிரிச்சாங்க, யாருக்கு "நல்ல பால்"னு சொன்னாங்கன்னு யோசிங்க.

அது மட்டும் இல்லை, லேக்டோமீட்டருக்குக் கொழுப்பே பிடிக்காது. கொழுப்பு தண்ணியைவிட லேசு, ஒப்படர்த்தி சுமார் 0.93. பாலில் இருந்து ஆடையை எடுத்துட்டால் மிச்சம் கனமாகும், 1.035 வரைக்கும் போகும். அப்புறம் கொஞ்சம் தண்ணி ஊத்தினால் அழகா 1.029க்கு வந்து நிற்கும். வெண்ணெயும் எடுத்தாச்சு, தண்ணியும் ஊத்தியாச்சு, மீட்டர் சல்யூட் அடிக்குது! இதனால்தான் கொழுப்பைத் தனியாப் பார்க்கணும்னு 1890களிலேயே சுவிட்சர்லாந்துக்காரர் கெர்பர் ஒரு முறை கண்டுபிடிச்சார். 10.75 மில்லி பால், 10 மில்லி கந்தக அமிலம், 1 மில்லி அமைல் ஆல்கஹால், அப்புறம் சுத்துற மிஷின். அந்த அமிலத்துக்கே ஒப்படர்த்தி சுமார் 1.82 இருக்கணும்னு கட்டாயம். பாருங்க, அமிலத்துக்குக்கூட அளவு பார்த்துத்தான் ஊத்துறாங்க.

"இதெல்லாம் நடைமுறைக்கு ஆகாது, காலையில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு பாலுக்கும் தெர்மாமீட்டர் வைக்க முடியுமா?"ன்னு எங்க வீட்டிலேயே கேட்டாங்க. நியாயமான கேள்விதான். எடுக்கிறவரும் விடியக்காலையில் எழுந்து வர்ற மனுஷர், அவர் வேணும்னே செய்யறார்னு நான் சொல்லலை. அவருக்கு லேக்டோமீட்டர் கொடுத்தவங்க தெர்மாமீட்டர் கொடுக்கலை. லேக்டோமீட்டர் நின்னு நிலைக்கிற நேரத்தில் பக்கத்திலேயே தெர்மாமீட்டரும் எண் காட்டிரும், தனியா நேரம் எடுக்காது. எல்லாருக்கும் வைக்க முடியாட்டியும், எண் குறைஞ்ச பாலுக்காவது வைக்கலாமே? ஒருத்தரைத் திருடின்னு சொல்றதுக்கு முன்னாடி அரை நிமிஷம் செலவு பண்ணக் கூடாதா?

நம்ம ஊரைப் பற்றி நாம எவ்வளவு பெருமை பேசுறோம்! டைட்டன் வாட்ச் நம்ம ஊரில் செய்யறாங்க, வண்டி செய்யறாங்க, லாரி செய்யறாங்க. கம்பெனியில் வேலை செய்யற அப்பாவையோ அண்ணனையோ கேட்டுப் பாருங்க. வெர்னியர், மைக்ரோமீட்டர், கேஜ் எல்லாத்திலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். போன தடவை எப்போ சரிபார்த்தாங்க, அடுத்தது எப்போ என்று தேதி போட்டிருக்கும். தேதி தாண்டினால் அந்தக் கருவியைத் தொடக் கூடாது. ஒரு போல்ட்டை அளக்கிற கருவிக்கு இவ்வளவு மரியாதை இருக்கிற ஊரில், பாலை அளக்கிற கண்ணாடிக் குழாய் எத்தனை வருஷம் பழசு, உள்ளே இருக்கிற காகிதம் நழுவியிருக்கா, யார் பார்த்தாங்க? பழைய முட்டையை ஞாபகம் இருக்குல்ல? லேக்டோமீட்டரைச் சோதிக்கிறது ரொம்ப சுலபம். அதில் எழுதியிருக்கிற வெப்பநிலையில் சுத்தமான தண்ணியில் விட்டால் 0 காட்டணும். காட்டலைன்னா அது பழைய முட்டை.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆசிட் பார்க்கிறவர்கூட ரப்பர் பந்து வச்ச ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சி, 1.25க்கு மேல் இருந்தால் சார்ஜ் நல்லா இருக்கு, 1.15 பக்கம் வந்தால் இறங்கிருச்சுன்னு சொல்றார். நல்ல மெக்கானிக்காக இருந்தால் சார்ஜ் முடிஞ்ச சூட்டோடு பார்க்க மாட்டார், ஆறட்டும்பார். பேட்டரிக்குக் கிடைக்கிற பொறுமை அக்காவின் பாலுக்குக் கிடைக்கலையே!

இது புதுசாக் கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த அல்பிரூனி, இந்தியாவைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினாரே அவர்தான், மூக்கு வச்ச கூம்புக் கலத்தில் தண்ணி நிரப்பி, உலோகத்தையும் ரத்தினக் கல்லையும் உள்ளே போட்டு, வழிஞ்ச தண்ணியை எடை போட்டு ஒப்படர்த்தி கண்டுபிடிச்சவர். சுடுதண்ணிக்கும் பச்சைத்தண்ணிக்கும் கனத்தில் வித்தியாசம் உண்டு என்பதும் அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

நம்ம லேபுக்கும் ஒரு வார்த்தை. செய்முறை நோட்டுகளில் தேங்காய் எண்ணெய் எல்லாருக்கும் 0.92 வருது, மண்ணெண்ணெய் எல்லாருக்கும் 0.8 வருது. நாற்பது பேருக்கும் ஒரே விடை! அது எப்படிங்க? அறிவியல் ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம். விடை முன்னாடியே தெரிஞ்ச பொருளை அளந்தால் இப்படித்தான் ஆகும். விடை தெரியாத பொருளைக் கொடுங்க. அவரவர் வீட்டுப் பால், அவரவர் கிணத்துத் தண்ணி, கிருஷ்ணகிரி ரோட்டோரம் கிடக்கிற கிரானைட் துண்டு. கிரானைட்டை நூலில் கட்டி, ஸ்பிரிங் தராசில் காற்றில் ஒரு தடவை, தண்ணிக்குள்ளே ஒரு தடவை எடை பார்த்தால் 2.6, 2.7 பக்கம் வரும். ஆனா ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். மாறினால்தான் ஏன் மாறுதுன்னு கேட்போம். நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் வெப்பநிலைக்கும் ஒரு கட்டம் போடுங்க. அந்தக் கட்டம் காலியா இருந்தால் ஒரு மார்க் குறைங்க. (மார்க் குறைக்கச் சொன்னதுக்கு வகுப்பில் எனக்கு என்ன நடக்கும்னு தெரியும். இருந்தாலும் சொல்றேன்.)

ஒரு யோசனையும் வச்சிருக்கேன். தெர்மாமீட்டர் எண்ணைப் பார்த்ததும் எவ்வளவு கூட்டணும், எவ்வளவு கழிக்கணும்னு காட்டுற ஒரு அட்டையை அறிவியல் மன்றம் எழுதட்டும். 15 டிகிரியில் இருந்து 37 டிகிரி வரைக்கும், பெரிய எழுத்தில். தமிழில், தெலுங்கில், கன்னடத்தில், உருதுவில். நாலும் எழுதத் தெரிஞ்சவங்க நம்ம பள்ளியிலேயே இருக்காங்க. '27 டிகிரி என்று எழுதின லேக்டோமீட்டருக்கு மட்டும்' என்று மேலே சிவப்பு மையில் மறக்காமல் போடணும், இல்லைன்னா நாமளே புதுத் தப்பு செஞ்சவங்க ஆயிடுவோம். அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பால் எடுக்கிற இடங்களுக்குக் கொண்டு போய்க் கொடுக்கலாம். மாட்டுறதும் மாட்டாததும் அவங்க விருப்பம். ஆனா வரிசையில் நிற்கிற அம்மாக்களும் அக்காக்களும் அதைப் படிச்சிருவாங்க. அடுத்த தடவை யாராவது "தண்ணியா?"ன்னு கேட்டால், "சூடு எத்தனைன்னு பார்த்தீங்களா?"ன்னு திருப்பிக் கேட்பாங்க.

எங்க தெரு அக்கா இப்போ அரை மணி நேரம் பாலை ஆற வச்சுட்டுத்தான் கொண்டு போறாங்க. டிகிரி குறையறதில்லை. அதனால் பையனை ஸ்கூலுக்கு அனுப்ப லேட்டாகுது என்பது வேற பிரச்சினை.

சார் வர்ற திங்கட்கிழமை மதியம் ரெண்டு பீரியட் லேபைத் திறந்து வைக்கறதாச் சொல்லியிருக்கார். பால் கொண்டு வர விரும்புறவங்க கால் லிட்டராவது கொண்டு வாங்க, அதுக்குக் குறைஞ்சால் ஜாடியில் மீட்டர் தரை தட்டிரும். காலையில் கறந்த பால்தான் வேணும், காய்ச்சக் கூடாது. மூடி இறுக்கமா இருக்கிற பாட்டிலில் கொண்டு வாங்க, பஸ்ஸில் புத்தகப்பைக்குள்ளே கொட்டினால் இதழாசிரியர் குழு பொறுப்பில்லை. பாட்டில் மேலே பசுவா எருமையா, கறந்த மணி எத்தனை, ரெண்டையும் எழுதி ஒட்டுங்க. பேர் எழுத வேண்டாம். முடிவுகளை அடுத்த இதழில் இதே இடத்தில் ஒட்டுவோம், வெப்பநிலையோடு.